நரியில் உடைந்த கடல்

முதுகு மா மூட்டை சுமக்க ஏலாமற் போனபிறகுதான் இக்னேசியசுக்குக் கணினி வேலை கிடைத்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் வருடக்கணக்காக மூட்டை சுமந்தவன். மழைநாள் ஒன்றில் ஏற்றுப்பலகையில் கால் வழுக்கி, மூட்டைக்குக் கீழே போய்விட்டான். எழும்பி நடக்கத் தொடங்கியதும் பாலையூற்றுக் கோயில் மண்டபத்தில் நடந்த கணினி வகுப்புக்குப் போனான். தமிழ்த் தட்டச்சு கையில் ஏறிவிட்டது. உட்துறைமுக வீதியில் இணையப் பக்கங்கள் செய்துகொடுக்கும் சிவகுருநாதன் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

சிவகுருநாதன் செய்யும் பக்கத்தை இக்னேசியஸ் ஒவ்வொரு உலாவியிலும் திறக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரேமாதிரித் தெரிகிறதா, எதிலாவது எழுத்து உடைகிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்திருந்தால் அச்சடித்து, சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் கொண்டுவர வேண்டும். ஒரே பிழை பக்கமெல்லாம் பரவிக் கிடந்தால், ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து அது வரும் இடமெல்லாம் வட்டம் போட வேண்டும். அப்போதுதான் ஓர் உலாவியை இன்னொன்றோடு ஒப்பிடலாம் என்பது சிவகுருநாதனின் கணக்கு.

கூட மூட்டை சுமந்த வின்சன்ட் கண்ட இடத்தில் மறிப்பான்.

“என்னடா இக்னேசு, இண்டைக்கும் சும்மா பாத்துக்கொண்டே இருந்தனீ?”

“ஓம். நீ முதுகால உழை, நான் கண்ணால உழைக்கிறன்.”

“பாக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற முதலாளிமாரும் இருக்கினம் பாரன். எனக்கும் ஒண்டு பிடிச்சுத் தாவன், நான் ரெண்டு கண்ணாலயும் பாப்பன்.”

இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நடுப்பகுதி. கடற்கோளுக்குப் பிறகு வந்த வெளிநாட்டு உதவியில் இறக்கக்கண்டிப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றுக்கு இணையப் பக்கம் செய்ய வேண்டியிருந்தது. கடல் நிலை, கடல் காற்று, கடல் செய்தி, எந்த நேரத்தில் வள்ளம் இறக்க நேவி விடும் என்ற விபரம், இவ்வளவும் அதில் இருந்தன. உதவிக்காரர்கள் அந்தக் கிழமையே பார்க்க வருவதாக இருந்தது.

பக்கம் முழுவதும் பாமினி எழுத்தில் இருந்தது. பாமினி என்பது தமிழ் உடுப்புப் போட்ட ஆங்கில எழுத்து. உடுப்பு இருந்தால் தமிழ். உடுப்பு இல்லாவிட்டால் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்துகள் அம்மணமாக வந்து நிற்கும். நீல எழுத்துப் படம் போட்ட உலாவி அந்த உடுப்பை இணையத்திலிருந்து தானே இறக்கி மாட்டிவிடும். அதை இவர்கள் நீலம் என்பார்கள். நரிப் படம் போட்ட உலாவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. சிவகுருநாதனின் கணினியில் பாமினி முன்பே ஏற்றிக் கிடந்ததால் அவருக்கு நரியிலும் எல்லாம் அழகாகவே தெரிந்தது.

“நரியில ஆர் பாக்கப் போறான்?” என்றார் அவர்.

“பாக்கிறவன் பாப்பான் சேர். அலியார் நானாட்ட நரி இருக்கு. பாத்துக்கொண்டு வாறன்.”

அலியார் சந்திக்கு அப்பால் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். விண்ணப்பம் அடித்துக் கொடுக்க ஒரு கணினி, இணையத்துக்கு வேறொரு கணினி. வைரசுக்குப் பயந்து இரண்டாவதில் அவர் நரியைத் தவிர ஒன்றும் ஏற்றுவதில்லை. இக்னேசியஸ் அதில் நரியைத் திறந்தான். பக்கம் அலங்கோலமாக வந்தது. திருகோணமலை இருக்க வேண்டிய இடத்தில் jpUNfhzkiy என்று கிடந்தது. அச்சடித்தான். வட்டம் போட ஒரு சொல் வேண்டும். பக்கத்தில் அதிகம் வந்தது கடல். பாமினியில் கடலுக்கு நான்கு விசை: fly, பிறகு மேற்புள்ளிக்கு ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். தட்டித் தட்டிப் பழகிய விரலுக்கு அது கடல். வேறு எதுவாகவும் அவனுக்குத் தெரியவில்லை. இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டான். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தான்.

சந்திச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்த நேவிப் பெடியன் தாளை விரித்தான். அவனுடைய உதடு மெல்ல அசைந்தது.

“ஃப்ளை,” என்றான். அடுத்த வட்டம். “ஃப்ளை.” அதற்கடுத்ததும் அதேதான். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தான். பிறகு இக்னேசியசைப் பார்த்தான். அந்த மார்ச்சில்தான் புலிகளின் விமானம் கொழும்புப் பக்கம் போய்க் குண்டு போட்டிருந்தது. துறைமுகத்தில் பறவை தாழப் பறந்தாலும் துவக்கு நிமிர்ந்த காலம்.

“எங்க ஃப்ளை? எப்ப ஃப்ளை?”

“ஃப்ளை இல்ல சேர். கடல். முஹுத.”

கடலுக்குச் சிங்களச் சொல்லைச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தான். பெடியன் கூட நின்றவனிடம் அதைச் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இக்னேசியசின் அடையாள அட்டையைப் பறித்துக்கொண்டு, ஓரத்தில் கிடந்த மர வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னார்கள். அந்த வாங்கில் இருந்தவர்களில் வீடு போனவர்களும் உண்டு, ஜீப்பில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. ஏற்றப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் பிரதேச செயலகத்துக்கும் பொலிசுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்கள். இக்னேசியஸ் இரண்டு கையையும் தொடையில் வைத்தபடி அசையாமல் இருந்தான். முதுகு குத்தியது. சாயப் பயமாக இருந்தது.

பொறுப்பதிகாரி வந்தார். தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். ஓரளவு தமிழ் தெரிந்தவர்.

“இது என்ன பாசை?”

“தமிழ் சேர். கொம்பியூட்டர்ல உடைஞ்சு போச்சு.”

“தமிழ் எனக்குப் பாத்தாத் தெரியும். இது தமிழ் இல்லை. சிவப்பு அடிச்சது ஆர்?”

“நான்தான் சேர். பிழைக்கு வட்டம் போடுறது. அதுதான் என்ர வேலை.”

“ஃப்ளை பிழையா?”

“ஓம் சேர். இல்ல சேர்.” நாக்கு அவனுக்கே எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. “அலியார் நானாட கடையிலதான் அச்சடிச்சது. அங்க வந்தாக் காட்டுவன்.”

சொன்னபிறகுதான் அலியாரையும் இழுத்துவிட்டோம் என்பது உறைத்தது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். எனக்குத் தெரியாது என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அவர் தப்பிவிடுவார். அப்படிச் சொன்னாலும் குறை சொல்ல ஏலாது.

துவக்குகளோடு நான்கு பேர் கடைக்குள் வந்தபோது அலியார் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அதிகாரி தாளை நீட்டினார்.

“இது உன்ர மெசின்ல வந்ததா?”

அலியார் தாளைப் பார்த்தார். இக்னேசியசைப் பார்த்தார்.

“ஓம் மாத்தயா. நான்தான் தாள் போட்டுக் குடுத்தனான்.”

இக்னேசியஸ் நீலத்தைத் திறந்தான். இணையத் தொடர்பு தொலைபேசிக் கம்பியில்தான். பக்கம் வர, உடுப்பு இறங்க, நேரம் எடுத்தது. பாதியில் தொடர்பு அறுந்தது. பெடியன் துவக்கைத் தோள் மாற்றினான். இக்னேசியஸ் திரும்பவும் இணைய எண்ணைச் சுழற்றினான். கடைசியில் வந்தது: கடல் நிலை, கடல் காற்று, கடல் செய்தி. எல்லாம் முத்து முத்தான தமிழ்.

“பாருங்க சேர், கடல்!”

அதிகாரி பார்த்தார். “இது தமிழ். அது ஃப்ளை. இது வேற, அது வேற. என்னை மோடன் எண்டு நினைச்சியா?”

அப்போது அலியார் தொண்டையைச் செருமினார்.

“மாத்தயா, கோவிக்கக் கூடாது. போன மாசம் நீங்க இடமாற்றம் கேட்டு ஒரு கடிதம் சிங்களத்தில நான்தானே அடிச்சு அனுப்பினது. கந்தோர்ல என்ன வந்தது?”

அதிகாரியின் முகம் இறுகியது. கந்தோரில் திறந்தபோது கடிதம் முழுவதும் கண்டபடி ஆங்கில எழுத்தாக வந்ததும், குடிகாரன் எழுதினதா என்று மேலிடத்தில் கேட்டதும், அவர் வந்து அலியாரின் மேசையில் அடித்துச் சத்தம் போட்டதும் அந்தத் தெருவுக்கே தெரியும்.

“அதுவும் இதுவும் ஒரே நோய் மாத்தயா. உங்கட எழுத்துக்கும் எங்கட எழுத்துக்கும் ஒரே நோய்.”

அலியார் விண்ணப்பம் அடிக்கும் கணினிக்கு முன்னால் போய் இருந்தார். அதிகாரியின் பெயரைச் சிங்களத்தில் அடித்தார். பிறகு உடுப்பைக் கழற்றினார். பெயர் இருந்த இடத்தில் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குப்பை கிடந்தது. பெடியன் பக்கென்று சிரித்தான். அதிகாரி திரும்பியதும் வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரி குனிந்து, தாளில் இருந்தபடி ஒரு விரலால் தானே நான்கு விசைகளை அழுத்தினார். அலியார் பாமினியை மாட்டினார். திரையில் கடல் வந்தது.

“முஹுத,” என்றார் அதிகாரி.

“முஹுத சேர்,” என்றான் இக்னேசியஸ்.

அதிகாரி தாள்களைக் கிழித்துத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “இந்தச் சொல்லை மாத்து. அடுத்த முறை இங்க நான் நிற்க மாட்டேன்.” வாசலில் நின்று அலியாரிடம், “என்ர கடிதம் ஒழுங்காப் போயிருந்தா இண்டைக்கும் நான் நிண்டிருக்க மாட்டேன்,” என்றார்.

“அப்ப போகாததும் நல்லதுதான்,” என்றார் அலியார், அவர்கள் தூரப் போன பிறகு.

“நானா, நீங்க தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம்.”

“மெசின் என்ர, தாள் என்ர. தெரியாதெண்டா எவன் நம்புவான்? இரிடா, தேத்தண்ணி குடி. கை நடுங்குது.”

“உங்களுக்கும் நடுங்குது.”

“எனக்குச் சீனி வருத்தம்,” என்றார் அலியார்.

அலுவலகத்தில் சிவகுருநாதன் முழுக்கதையையும் கேட்டார். “கடலை எடுத்துப்போட்டுச் சமுத்திரம் எண்டு போடுவமா?” என்றார்.

“ஆர் சேர் சமுத்திரத்துக்குப் போறான்? எங்கட சனம் கடலுக்குத்தான் போறது. பாமினியை எடுங்க. யுனிகோட்டில போடுவம், அது உள்ளுக்கும் தமிழ்தான்.”

“பழைய கணினியில யுனிகோட் தமிழ் வராதடா. வெறும் பெட்டி பெட்டியாத் தெரியும். சங்கத்துக் கந்தோர்ல இருக்கிறதே பழைய கணினிதான்.”

அதுவும் உண்மைதான். இக்னேசியஸ் வேறொரு வழி சொன்னான்.

“சங்கத்துக்கு நான் நேர போய் எழுத்து ஏத்திக் குடுக்கிறன். ஆனா இதை இப்பிடியே விட்டா நான் இனிப் பாக்க மாட்டன் சேர். மூட்டைக்கே போறன்.”

“உன்ர முதுகுக்கோ?”

“முதுகு முறிஞ்சாலும் வீட்டில கிடப்பன். எங்க கிடக்கிறன் எண்டு அம்மாவுக்குத் தெரியும்.”

சிவகுருநாதன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒவ்வொரு வரியாக மாற்றி அடித்தார்கள். நீலத்தில் சரி. நரியிலும் சரி, அலியாரின் வெறும் கணினியிலுங்கூட. கடைசியாக, பாலையூற்று மண்டபத்தில் கிடந்த, சங்கத்தில் இருந்ததைப் போன்ற பழைய கணினி ஒன்றில் திறந்து அச்சடித்தான். சிவகுருநாதன் சொன்னதுபோலவே பக்கம் முழுவதும் வெறும் சதுரங்கள்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அதே சாவடியால் அலுவலகத்துக்கு வந்தான். இந்த முறை சிவப்புப் பேனையைத் தொடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருந்தான். அதே பெடியன் தாளை விரித்து, சதுரங்களை மேலும் கீழும் பார்த்தான்.

“இது என்ன?”

“ஒண்டுமில்ல சேர். எழுத்து வரல்ல.”

பெடியன் தாளை மடித்துக் கொடுத்தான். “யன்ன,” என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

இக்னேசியஸ் அலுவலகம் போய்ச் சேர்ந்து, பெட்டிகளைப் பிழை என்று பதிந்து, சங்கத்துக் கணினிக்கு எழுத்து ஏற்றப் புறப்பட்டான்.