முந்தி எழுந்த சென்சார்

பெயிண்ட் ஆலையில் அவளை எல்லோரும் போர்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளங்கை அளவுள்ள கணினிப் பலகை ஒன்றைத் தன் அறைச் சுவரில் மாட்டி, அதிலிருந்து கொட்டகைத் தொட்டிகள் இரண்டுக்கும் வயர் இழுத்தவள் அவள். தொட்டிக்கு ஒரு சென்சார். உள்ளே நச்சு ஆவி இருந்தால் எண் ஏறும், கொட்டகை வாசலில் அந்தத் தொட்டிக்கான விளக்கு சிவப்பாக எரியும். எண் பூஜ்யமானால் பச்சை. பச்சை எரிந்தால் முகமூடி இல்லாமலே இறங்கிக் கழுவலாம். இறங்குகிறவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அன்று காலை பத்து மணிக்கு கரண்ட் போய் வந்தது. பலகை திரும்ப உயிர்பெற்றதும் திரையைப் பார்த்தாள். முதல் தொட்டி பூஜ்யம், இரண்டாவது தொட்டி நானூறு. இரண்டாவது தொட்டி நேற்றே கழுவிக் காயப்போட்டது. அதில் எங்கிருந்து வந்தது ஆவி?

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது சென்சார் புட்டுக்கிச்சு போல. விடும்மா, இன்னைக்கு வேலை முதல் தொட்டியிலதானே? அது பச்சையாத்தானே இருக்கு."

"நேத்து வரைக்கும் அதுல பெயிண்ட் கரைக்கிற தின்னர் இருந்துச்சு சார். ஃபேன் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள எப்படிப் பூஜ்யம்?"

"நல்லது நடந்தாலும் உனக்குச் சந்தேகம்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று அவளிடம் இருந்தது. இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி. உள்ளே பதித்திருந்த தயாரிப்பு எண்ணும் ஒன்றேதான். விற்றவன் அவ்வளவு யோக்கியன்! எது எந்தத் தொட்டி என்று பலகைக்குத் தெரியாது. அதனால் பலகையின் விதியில், கரண்ட் வந்ததும் முந்தி எழும் சென்சார் முதல் தொட்டி, அடுத்தது இரண்டாவது என்று எழுதி வைத்தாள். பத்துத் தடவை சோதித்தாள், பத்தும் சரி. பலகையில் வயர் செருகிய துளையை வைத்துப் பெயர் கொடுப்பதுதான் முறை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போனவள்தான், எட்டு மாதம் ஓடிவிட்டது. பத்துத் தடவை சரியாக வந்தது பதினோராவது தடவையும் வரும் என்று இருப்பதற்குச் சோம்பேறித்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

முதல் துளையில் செருகியிருந்த முதல் தொட்டி வயரைப் பிடுங்கினாள். திரையில் மறைய வேண்டியது முதல் தொட்டியின் பூஜ்யம். மறைந்தது இரண்டாவதன் நானூறு.

பெயர்கள் மாறிவிட்டன. அந்த நானூறு முதல் தொட்டியுடையது.

பலகையின் மின்வயரையும் உருவினாள். பச்சை அணைந்திருக்கும். ஆனால் உள்ளே இறங்கிவிட்ட மனுஷன் விளக்கையா பார்த்துக்கொண்டிருப்பார்? செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். படி, முற்றம், டிரம் வரிசை. "அண்ணா! அண்ணா!" என்று கத்தியது ஃபேன் இரைச்சலில் அவள் காதுக்கே எட்டவில்லை.

முதல் தொட்டியின் வாயில் கயிறு பிடிக்கும் ஆள் மட்டும் நின்றிருந்தார்.

"எறங்கியாச்சா?"

"இப்பத்தான்மா. அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"இழுங்க! இழுங்கன்னா!"

அண்ணனின் இடுப்பில் கட்டிய கயிற்றை அவளும் சேர்ந்து பிடித்தாள். ஏறி வருகிற ஆளின் கயிறு தொளதொளவென்று இருக்கும். இது கனத்தது. கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். உள்ளங்கை உரிந்தது தெரியவில்லை. தலை வெளியே வந்தபோது அண்ணனின் கண்கள் பாதி மூடியிருந்தன.

வெளியே கொண்டுபோய்க் காற்றில் கிடத்தினார்கள். நெடுநேரம் கழித்து ஒரு இருமல் வந்தது. அவள் ஓவென்று அழுதாள். அண்ணன் தடவித் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாத. பச்சை எரிஞ்சுது, எறங்கிட்டேன். வேற யாராவது செஞ்சதா இருந்தா, ஆவி பாக்குற கை மீட்டரை உள்ள விட்டு ஒரு தரம் பாத்திருப்பேன். நீ செஞ்சதாச்சே."

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, சென்சார் கோளாறுன்னு!"

ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லோரும் நம்புவார்கள், அண்ணன் முதல் ஆளாக நம்புவார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சென்சார் ரெண்டும் நல்லாத்தான் சார் இருக்கு. நான் எழுதினதுதான் தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் எட்டு மாசமா விட்டு வச்சிருந்தேன்."

அவள் கையைப் பிடித்திருந்த அண்ணனின் பிடி மெல்லத் தளர்ந்தது.