முப்பத்திரண்டு டோன்

"அந்தப் பிளக்குல கை வச்சீங்க, கை இருக்காது!"

குளிர்பெட்டிக்காரர் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் செத்துக் கிடந்த புருஷன் கட்டிலருகே நின்றவள், இப்படிக் கத்துவாள் என்று யார் கண்டது?

"பெட்டியை ஓட்ட வேணாமாம்மா? வெயில் ஏறுது."

"ஓட்டலாம். முதல்ல இதுல இருக்கறதை இறக்கணும்."

சுவரோரம் நின்றது நாற்பது வருஷத்துக் கீபோர்டு. மேடை மேடையாக வாசித்தே காலம் தள்ளிய மனுஷன், உட்கார்ந்து உட்கார்ந்து தானே உண்டாக்கிய முப்பத்திரண்டு சத்தங்கள் அதற்குள் இருந்தன. 'டோன்' என்பார். அவற்றைப் பிடித்து வைத்திருந்த உள்பேட்டரி செத்து மூன்று வாரம். கரண்ட் ஒரு நொடி நின்றால் அத்தனையும் துடைத்ததுபோல் அழிந்துவிடும். ஆகவே மூன்று வாரமாக அதை அணைக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டுப் பேட்டரி மாற்றுவதாகச் சொல்லி இணைப்புக் கம்பிகூட வாங்கி வைத்திருந்தார். இன்று வெள்ளி. வீட்டு வயரிங்கோ கிழடு. குளிர்பெட்டியையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "என் தம்பி பொணமா கெடக்கான், உனக்குப் பாட்டுப்பெட்டி கேக்குதா? அதைச் சக்களத்தின்னு வாய் ஓயாம திட்டினவ நீதானே?"

"ஆமா அண்ணி. சக்களத்திதான். ஆனா அவரோட புள்ளைங்க முப்பத்திரண்டும் அவ வயித்துலல்ல இருக்கு?"

 

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்று அவர் ஒரு துண்டுச்சீட்டில் கிறுக்கியிருந்தார். கம்பியின் ஒரு முனை லேப்டாப்புக்கு. மறுமுனையில் இரண்டு தலை. 'இன்' என்று எழுதியதைக் கீபோர்டின் 'இன்' ஓட்டையிலும், 'அவுட்' தலையை 'அவுட்' ஓட்டையிலும் செருகினாள். மருந்துக்கடையில் இருபது வருஷம் லேபிளை நம்பியே பிழைத்தவள் வேறு என்ன செய்வாள்?

அழுத்தினாள். வந்து சேர்ந்த பைட் எண்ணிக்கை திரையில் பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம். மூன்றாம் தரமும் அதே.

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கும்மா..." என்று குளிர்பெட்டிக்காரர் ஆரம்பிக்க, "ஏன், அவங்கல்லாம் எழுந்து ஓடிடுவாங்களா?" என்று நாத்தனார் பாய, இரண்டு பேரும் ஒரே மூச்சில் பேசினார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவேயில்லை.

அவள் அவர்களைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"வாய்க்கு நேரே வாயை வச்சா யாரு கேக்கறது?" என்று முணுமுணுத்தபடி இரண்டு தலைகளையும் பிடுங்கி மாற்றிச் செருகினாள். "இது பேசினா அது கேக்கணும்."

அழுத்தினாள். எண் குடுகுடுவென்று ஓடி, நாலாயிரத்து நூற்றி நாலில் நின்றது. பெயர்கள் வரிசையாக வந்தன. தகரமழை. ஈரமணி. தூங்குரயில். பதினேழாவதில் அவள் விரல் நின்றது.

"என்னடி?"

"அக்காகோபம்னு இருக்கு அண்ணி."

"படுபாவி! எங்கே, கேப்போம்."

கீபோர்டில் பதினேழைத் தட்டி ஒரு கட்டையை அழுத்தினாள். அண்டாவைப் போட்டு உடைத்ததுபோல் எழும்பிய சத்தம், போகப்போக இளகி, கடைசியில் கிட்டத்தட்டச் சிரிப்பாகவே முடிந்தது.

 நாத்தனார் குளிர்பெட்டிக்காரர் பக்கம் திரும்பி, "பத்து நிமிஷம் வெளியில உக்காருய்யா," என்றாள். எழுந்துபோய் ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஒருத்தனும் சுவிட்சுல கை வைக்கமாட்டான். நீ உன் வேலையைப் பாரு."

"சேமிக்கப் பேரு கேக்குது அண்ணி."

"பெத்தவன் பேரையே வை."

வைத்தாள். ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சேமித்தாள். திறந்து, முப்பத்திரண்டும் இருக்கின்றனவா என்று விரல் விட்டு எண்ணினாள். அதற்கப்புறம்தான் தன் கையாலேயே கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கினாள்.

குளிர்பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. லேப்டாப்பை மூடப் போனாள். திரையில் அவர் பெயருக்கு நேரே, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போடுவதுபோல, இன்றைய தேதியைக் கம்ப்யூட்டர் தானாகவே போட்டிருந்தது.

மூடவில்லை. திரையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.