எட்டு நூல் சைலன்சர்

எங்கள் ஊர் மலை தூங்குகிறது. அதனால் ஊரில் எல்லோரும் வாயில் சைலன்சர் மாட்டிக்கொண்டுதான் பேசுவோம். பக்கத்து ஊர்க்காரர்கள் அசட்டையாக இருந்தார்கள். ஒரு மத்தியானம் அவர்களுடைய மலை விழித்துக்கொண்டு, ஓடையையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. இப்போது அங்கே லாரித் தண்ணீர்தான்.

சைலன்சரை அவரவர் குரலுக்கு அளவெடுத்துக் கடைய வேண்டும். பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் இஞ்ச். என் குரல் நாலு நூல். என் மனைவி சாந்தாமணியுடையது மூணு நூல்தான், ஆனால் வேகம் ஜாஸ்தி. எல்லாம் வாசலில் ஆணியில் தொங்கும். அவசரத்தில் அவளுடையதை நான் மாட்டிக்கொண்டு பால்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போச்சு, குழாய் பிளந்துவிடும். பெரிய குரலைச் சின்னக் குழாயில் விடக்கூடாது என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாய்மாமன்தான் சைலன்சர் சீர் வைக்க வேண்டும். சாந்தாமணியின் அண்ணன் வரதராஜ் லேத் பட்டறையே வைத்திருப்பவர். ஏழாம் மாதம் அளவெடுக்க வந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். வயிற்றுக்குள் இருக்கிற குரலை எப்படி அளப்பது? போன வருஷம் மேற்குத் தெருவில் ஒரு பிள்ளைக்கு, அப்பன் குரலை வைத்து உத்தேசமாக மூணு நூல் கடைந்து கொடுத்திருந்தார். பிள்ளை அஞ்சு நூலில் அழுதது. குழாய் பிளந்து, மலை புரண்டு படுத்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் சாயங்கால வெயில் விழுவதில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் மலை எழுந்தே போய்விடும், அதோடு ஓடையும் போகும். அதுவும் சொந்தத் தங்கச்சி வீட்டுக் குழந்தையால். மச்சான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

சாந்தாமணி அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிற தடிக் குழாயைப் பற்றிக் கேட்டாள். அது எட்டு நூல். யானை விரட்டும் பெரிய துப்பாக்கிக்காக மச்சான் கடைந்தது. அந்தத் துப்பாக்கி ரிட்டயர் ஆகி இப்போது திருப்பூரில் மகளோடு இருக்கிறது.

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. துப்பாக்கிச் சாமானைக் கொண்டுபோய்ச் சீர் வைத்தால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா, போதாததற்குச் சின்னக் குரலுக்கு ஓரத்தில் இடம் விட்டுக் கசியும் என்றார்.

"கசிஞ்சாக் கசியட்டும்ண்ணா. வெடிக்காதுல்ல?" என்றாள் சாந்தாமணி.

இவளைக் கட்டிக்கொண்டதற்கு நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேனோ தெரியவில்லை. மச்சான் குழாயைக் கொண்டுவந்தார். வாய்ப்பக்கம் மட்டும் ஆளுக்கொரு வளையம் மாற்றிக்கொண்டால் போதும், குழாய் ஒன்றேதான். நான் பேசிப் பார்த்தேன். சாக்கில் அரிசி சரிகிற அளவுக்குத்தான் வெளியே கேட்டது. சாந்தாமணி பேசினாள், கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். நாயின் குரைப்பும் குக்கரின் விசிலும் அதிலேயே அடங்கின. அடேயப்பா, என்ன குழாய்! எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. கோணாமல் நேராக மாட்ட வேண்டும், அதுதான் அதனுடைய ஒரே பிகு. கோணினால் வார்த்தை உள்ளே இடித்து ஓரம் உடைந்து வரும்.

மற்ற சைலன்சர்களைப் பரணில் போட்டோம். ஒன்றே ஒன்று என்பதால் வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சண்டையில் நான் கத்தி முடித்து, துடைத்து, வளையம் மாற்றி அவள் கையில் கொடுக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். மீதியை அவள் மூணு நூலில் தீர்த்துக்கொள்வாள்.

பிரசவத்தன்று நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார். சீர் வைக்கிற தாய்மாமன், செருப்பைப் போலத் தன் சைலன்சரையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மச்சானும் அப்படியே வெறும் வாயோடு வந்து, ஓடைப் பக்கம் பார்த்தபடி சுவரோரம் நின்றார். சாந்தாமணி குழாயை மாட்டிக்கொண்டு வலியில் கத்திக்கொண்டிருந்தாள். தலை வெளியே வந்தபோதுதான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது: கத்த வேண்டியவர்கள் இரண்டு பேர், குழாய் ஒன்று. பரணில் ஏற நேரமில்லை. அவள் கண நேரம்கூட யோசிக்கவில்லை. குழாயைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வளையத்தைப் பிடுங்கிவிட்டுக் குழந்தைக்கு மாட்டினேன். குழந்தை அழுதது. குழாய் நிறைந்தது. எட்டு நூலுக்கு எட்டு நூல், இம்மிகூடக் கசியவில்லை. அத்தனை பேரும் மூச்சுவிட்டோம். அழுது முடித்துக் குழந்தை தூங்கிவிட்டாள்.

மச்சான் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். "எட்டு நூலு! எம் மருமக எட்டு நூலு!" என்று வெறும் வாயால் கத்தினார்.

மலை எழுந்தது.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரே வாசல்களில் நின்று பார்த்தது. மலை கரண்டுக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்து, குனிந்து, தெருவழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. வாசலில் நின்று வாயைத் திறந்தது. அதற்குள் சாந்தாமணி படுத்தபடியே குழாயை முந்தானையில் துடைத்து நீட்டினாள். பழக்கத்தில் மச்சான் எழுந்துபோய் அளவெடுத்து வளையம் மாட்டினார். மலைக்கு வெறும் ரெண்டு நூல்தான்.

"பாப்பா தூங்குதுங்களா?" என்று கேட்டது மலை.

சாந்தாமணி தலையாட்டினாள்.

"அப்ப நான் சத்தம் போடலீங்க," என்றது. கல் உருளாமல் பார்த்துக்கொண்டு பின்பக்கம் போய், தென்னை மரத்துக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தது. குழாயைக் கழற்றவில்லை.

மறுநாள் காலை மலையைத் தேடிக்கொண்டு ஓடை வந்தது. வாசலிலேயே சலசலவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. மச்சான் அளந்து பார்த்து, ஒரு நூல் வளையம் போதும் என்றார். குழாய் இப்போது மலையிடம் இருக்கிறது, முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள் என்று சாந்தாமணி சைகை காட்டினாள். நான் ஓடைக்கு ஒரு பாய் எடுத்துப் போட்டேன்.