படத்தில் வட்டம் போட்ட ஆள்

நாட்டின் மிகப் பெரிய வீரப் பதக்கத்தை வாங்கிவிட்டு இன்னும் உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார். இன்னொருவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறார்.

அந்த மீட்டர்காரருக்கு நாய் என்றால் பயம். கேட்டைத் தொடாமல் தெருவிலேயே நின்று, "நாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். குண்டு மழையில் மூன்று பேரை இழுத்து வந்த மனிதர், ஒரு சாண் உயரக் குட்டிக்குப் பயந்து இரண்டு முறை மதில் ஏறியிருக்கிறார். "அங்க சுட்டவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. நாய் என்னைப் பார்த்துத்தானே குரைக்குது," என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, வேறு வழி இல்லாமல் செய்வது. சண்டையில் அன்று நடந்தது இதுதான். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய கூட்டாளி, பாறை மறைவை விட்டு வெட்டவெளிக்கு ஓடி நின்று சுட்டான். எதிரியின் துப்பாக்கிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. அந்த இடைவெளியில்தான் இவர் அடிபட்ட மூவரையும் ஒவ்வொருவராக இழுத்து வந்தார். நாலாவது தடவை நெட்டைக்காகப் போனார். போய்ப் பயனில்லை, அவன் உயிர் போயிருந்தது. மூவருக்கும் அப்போது நினைவு இல்லை, பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

தானும் அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். எழுத வந்த அதிகாரி, "தன் பெருமையைத் தோழனுக்குக் கொடுக்கும் அடக்கம் உடையவர்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக, ஏறிய மேடையில் எல்லாம், "செஞ்சது நெட்டைங்க, நான் இழுத்துட்டு வந்தேன், அவ்வளவுதான்," என்று சொல்லிப் பார்க்கிறார். சொல்லச் சொல்லக் கைதட்டுகிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு எவ்வளவோ மேல், செவிடன் கைதட்ட மாட்டான்.

இந்த நிலையில்தான் பதக்கக்காரர்களுக்குச் சிலை வைக்க இலாகா முடிவு செய்தது. களிமண்ணில் செய்த உருவத்தைப் பார்த்து, முகம் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் வெண்கலத்தில் வார்ப்பார்கள். இதுவரை எல்லாச் சிலைகளும் செத்தவர்களுக்கு. அதனால் படிவத்தில், "இறந்தவருக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம் இருந்தது. "உயிரோட ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடுறது இதான் சார் முதல் தடவை," என்று இலாகா அதிகாரி நெளிந்தார்.

"தொந்தரவு குடுத்துட்டேன்," என்றார் மீட்டர்காரர்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு சிற்பியின் பட்டறைக்குப் போனார். வாசலிலேயே கறுப்பு நாய் ஒன்று படுத்திருந்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். அங்கே நாயும் இருந்தது, வண்டி வண்டியாகக் கல்லும் இருந்தது, இவருக்குத்தான் கை வரவில்லை. மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு உள்ளே போய்ச் சேர்ந்தார். கூட வந்த இலாகா அதிகாரி, போன் வந்து வெளியிலேயே நின்றுவிட்டார்.

சிற்பி ஈரத்துணியை விலக்கினார்.

"இது யாருங்க?" என்றாள் மனைவி. "உங்களுக்கு இவ்வளவு எடுப்பான மூக்கு எந்தக் காலத்துல இருந்துச்சு?"

அந்த மூக்கையும், கதவைத் திறந்துவைத்த மாதிரி விரிந்த இடது காதையும் மீட்டர்காரருக்குத் தெரியும். நெட்டை, அதே இருபத்துமூன்று வயதில், எதிரே நின்றான்.

சிற்பி பதறிப்போய்ப் படத்தை எடுத்துக் காட்டினார். படைப்பிரிவின் பழைய குழுப்படம். சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். வட்டத்துக்குள் நெட்டை. பக்கத்தில், வட்டத்துக்கு வெளியே, மீட்டர்காரர் முகத்தைச் சுளித்துத் தும்மிக்கொண்டிருந்தார். வீரன் தும்ம மாட்டான் என்று எந்தக் குமாஸ்தாவோ முடிவு கட்டியிருக்க வேண்டும்.

"வட்டம் போட்ட ஆளைத்தாங்க செஞ்சேன். மண்ணுதானே, ரெண்டு நாள்ல மாத்திடுவேன். வார்த்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே சொல்லிடுங்க."

மீட்டர்காரர் மனைவியிடம் திரும்பினார். "நெட்டை," என்றார் மெதுவாக.

இருபத்தாறு வருடமாகக் கேட்ட பெயருக்கு அவள் இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "கீழ உங்க பேரு இருக்கும். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க வந்து தாத்தாவைத் தேடுமேங்க."

"வீட்ல கண்ணாடியில பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சு. நான் எவ்வளவோ சொன்னேன், ஒருத்தனும் சரியா எழுதல. இவங்க தப்புப் பண்ணினதுல இது ஒண்ணுதான் சரியா வந்திருக்கு. இதையும் கெடுக்கச் சொல்றியா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காதையாவது கொஞ்சம் ஒடுக்கச் சொல்லுங்க."

"காது அப்படித்தான்," என்றார்.

போன் பேசி முடித்த அதிகாரி உள்ளே வந்து சிலையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி மூக்கைப் பார்த்தார்.

"வயசுல நான் இப்படித்தான் இருந்தேன். அப்புறம் தேய்ஞ்சுபோச்சு," என்றார் மீட்டர்காரர். சிற்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "இறந்தவருக்கு என்ன உறவு" என்ற கட்டத்தில் "கூட்டாளி" என்று எழுதினார். அதிகாரி அதைப் படிக்கவில்லை. படிவங்களை யார் படிக்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு நெட்டையின் தங்கைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். வேறு ஊரில் நர்ஸாக இருப்பவள். எதற்கு என்று சொல்லவில்லை, வந்தால் போதும் என்று மட்டும் சொன்னார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பதக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு. அதைக் குத்திக்கொண்டவருக்கு எல்லோரும் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும், படைத்தளபதியும் விலக்கல்ல. அவர் யாருக்கும் முந்திக்கொண்டு அடிக்க வேண்டியதில்லை. திரை விழுந்தது. தளபதி இவருக்கு சல்யூட் அடித்தார், இவர் பதிலுக்கு அடித்தார். பிறகு ஒருவரும் எதிர்பாராதபடி சிலையின் பக்கம் திரும்பி, குதிகாலைச் சேர்த்து, தானே முந்திக்கொண்டு ஒரு சல்யூட் வைத்தார். கையை வெகுநேரம் இறக்கவில்லை.

கூட்டம் சிரித்தது. மறுநாள் பத்திரிகையில் "தன் சிலைக்கே சல்யூட் அடித்த வீரர்" என்று படம் போட்டார்கள். தெருவில் இன்றைக்கும், "உள்ள வாங்க சார், நாய் சல்யூட் அடிக்கும்," என்று கேலி செய்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி மட்டும் அன்று சிரிக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு பீடத்தடியில் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தக் காதைத்தான் அண்ணே பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பேன்," என்றாள் மீட்டர்காரரிடம். கையை உயர்த்தினாள். எட்டவில்லை.

மீட்டர்காரர் முன்வரிசைக்குப் போய், தளபதி உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பீடத்தை ஒட்டிப் போட்டார். அவள் ஏறி நிற்கும்வரை அது ஆடாமல் பிடித்துக்கொண்டார்.