மெருகு போட்ட பொட்டலம்

என் அண்ணனின் வாக்குக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு: கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடுதல். மருந்தடிக்காத பருப்பு என்று அவர் சொன்னால் பேரம் அதோடு சரி. விளைவிப்பது அவரும் அண்ணியும். களையைக் கையால்தான் பிடுங்குவார்கள். விற்பது நான்.

இந்த முறை வாங்க வந்த கம்பெனி வாயை நம்பவில்லை. எங்கள் இருவரையும் பரிசோதனைக்கூடத்துக்கு வரச் சொன்னது. அங்கிருந்த பெண் நான் கட்டிக் கொடுத்த மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பருப்பை அரைத்து வடித்த நீரை ஒரு குப்பியில் விட்டாள். குப்பிக்குள் கண்ணுக்குத் தெரியாத கார்பன் நானோ துகள்கள். புற ஊதா விளக்கில் அவை நீலமாக ஒளிரும். களைக்கொல்லி சேர்ந்தால் ஒளி செத்துப்போகும்.

செத்துப்போனது.

"மருந்து இருக்கு," என்றாள்.

"நான் அடிக்கலம்மா," என்றார் அண்ணன்.

"யாருமே அடிக்கறதில்ல ஐயா. அதுவா வந்து படுத்துக்குது."

எங்கள் கடைவீதியில், மாதிரிப் பொட்டலத்துப் பருப்புக்கு எண்ணெய் தொட்டு, மஞ்சள் சாயம் தூவிக் குலுக்குவது பெண் பார்க்க வருமுன் தலை வாரிவிடுவது போல. இந்தப் பொட்டலத்துக்கும் என் கை தானாகச் செய்திருந்தது.

"மேடம், சாயம் இருந்தாலும் மங்குமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "மஞ்சள் சாயம் நீலத்த முழுங்கிடும். அதனாலதான் சாயம் இல்லன்னு கையெழுத்து வாங்குறோம். நீங்கதானே அந்தக் கையெழுத்தப் போட்டீங்க?"

"இப்ப என்ன பண்றது?"

"நீங்க கொண்டுவந்த மூட்டையில இருந்து புதுசா எடுத்துப் பாக்கலாம். ஆனா சாயம் போட்டேன்னு நீங்க எழுதித் தரணும். தந்தா உங்க வியாபார லைசென்ஸ் போயிடும். தராட்டி ஐயா பேரு மருந்தடிக்கிறவங்க பட்டியல்ல ஏறும்."

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதிக் கொடுத்தேன். புதுப் பருப்புக்குக் குப்பி நீலமாக எரிந்தது. கம்பெனிக்காரர் போனில், "பருப்பு சுத்தம்தான், ஆனா உங்க குடும்பத்தோட வியாபாரம் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில்தான் அண்ணன் மறுபடி வாய் திறந்தார்.

"பதினெட்டு வருஷமா விக்கிற. இப்படி எத்தனை பொட்டலம்டா?"

"அண்ணே..."

"எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். வருடத்துக்கு இரண்டு அறுவடை, அறுவடைக்கு ஒரு மாதிரிப் பொட்டலம்; ஆக முப்பத்தாறு. சாயம் படாதது இரண்டு. அந்த இரண்டு தடவையும் நான் காய்ச்சலில் கிடந்தேன், அண்ணி கட்டினார். மீதி முப்பத்துநான்கு என் கணக்கில்.