ஒரு நூல் இடைவெளி

“நாளைக்கு ஏரில வண்டிய ஓட்டப்போறது நான்தான்.”

வெர்னா சொல்லிவிட்டாள். வறண்டு பாளமாய்க் கிடக்கும் ஏரிப் படுகையில் நாளைக்குக் கார்ப் பந்தயம். எதை வேண்டுமானாலும் கேள், இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அண்ணன் டப் வழியெல்லாம் கெஞ்சியிருந்தான். ஷெட்டுக்குள் நுழைந்து காபிக் குவளையை வாங்குவதற்குள் கேட்டாயிற்று.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஹாய்ட் தலையை நீட்டினான். கார்ப் பந்தயச் சங்கத்துக்குத் தலைவன் அவன். ஷெட் அவன் அப்பாவுடையது.

“டேய் டப், உன் தங்கச்சிக்குக் காலைல சாப்பிட என்னடா குடுத்த?”

“பீன்ஸ்” என்றான் டப், தரையைப் பார்த்து.

“வண்டில பாதி என்னோடது” என்றாள் வெர்னா. “இன்ஜினப் பிரிச்சுக் கோத்ததுலயும் பாதி நான். பந்தயம்னு வந்தா மட்டும் சாண்ட்விச் கட்டித் தரணுமா?”

“ஏரில பொம்பளைய வரிசைல விடமாட்டாங்க, காலேஜ் பொண்ணு.”

“அத ஏரில போய்க் கேட்டுக்கறேன்.”

வெர்னாவுக்கு முன் அவள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் இல்லை. அப்பா எண்ணெய்க் கிணறுகளில் குழாய் தூக்கிய காசில் கணக்கில் பட்டம் வாங்கினாள். அந்தப் பட்டத்தைப் பார்த்துவிட்டு விமானத் தொழிற்சாலை அவளுக்குக் கொடுத்தது ஒரு தட்டச்சு மேஜை. அந்த எரிச்சலோடுதான் சனிக்கிழமைதோறும் இங்கே வருவாள்.

“முதல்ல இது நிக்கட்டும்” என்றான் ஹாய்ட். “அப்புறம் யாரு ஓட்டறதுன்னு பாப்போம்.”

நிற்காததுதான் தொல்லை. போன மாதம் ஏரியில் சோதனைக்காரர் மிதியை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, ‘கம்பி இழுக்கிற இந்தப் பழைய பிரேக்கோடு நூறு மைல் வேகத்தைத் தாண்டினால் எல்லை தாண்டி மெக்சிகோவில்தான் போய் நிற்பீர்கள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆரஞ்சுத் தோப்பில் கவிழ்ந்து கிடந்த லாரியிலிருந்து எண்ணெய் பிரேக்கைக் கழற்றி வந்து, பின் அச்சில் பூட்டியிருந்தார்கள். நான்கு போல்ட்டும் அளவெடுத்ததுபோல் பொருந்தின. ஜாக்கியில் தூக்கிவைத்துக் கையால் சுற்றினால் பிரேக் டிரம் பம்பரமாய்ச் சுற்றியது. கீழே இறக்கினால் வண்டி நகரவே மறுத்தது. இரண்டு நாளாகச் சங்கத்து ஆள் கிளீவ் பிரேக் கட்டைகளை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

வெர்னா குனிந்து பார்த்தாள். டிரம்முக்குப் பின்னாலிருந்த தட்டின் விளிம்பில் சுற்றிலும் பளபளவென்று வட்டமாய் ஒரு தேய்மானம். கட்டையில் அரம் பட்ட தடம் தவிர, டிரம் உரசிய அடையாளமே இல்லை.

“சுத்திப் பாக்கும்போது நட்டை எவ்வளவு இறுக்கின?”

“கையால. சும்மா சுத்தறதுக்கு எதுக்கு முழுசா இறுக்கணும்? கீழ எறக்கும்போதுதான் ஸ்பேனர்” என்றான் கிளீவ்.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. “டேய் மக்கா, அச்சு முனை கூம்புடா! நட்டை இறுக்க இறுக்க டிரம் உள்ள போகும். லாரி டிரம்மோ ஆழம் ஜாஸ்தி. உள்ள போய்த் தட்டுல முட்டுது. நீ கட்டையப் போட்டுச் சாகடிக்கற!”

வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்துத் தட்டு விளிம்பில் ஒட்டினாள். டிரம்மை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் திருகிக் கழற்றினாள். கம் காகிதமாய் நசுங்கியிருந்தது.

“கைக்கே இவ்வளவுதான் மிச்சம். ஸ்பேனர் போட்டா?”

டப் சிரிப்பை அடக்கினான்.

லேத்தில் டிரம் விளிம்பை ஒரு நூல், அரைக்கால் அங்குலம், கடைந்தாள். இரும்புச் சுருள்கள் சூடாய் முழங்கையில் தெறித்தன, அவள் கவனிக்கவில்லை. மறுபடி கம்; இந்த முறை அரை ஆள் நீளக் குழாயை ஸ்பேனரில் செருகித் தொங்கி இறுக்கினாள். கழற்றினால் கம் அரை நூல் தடிமனில் குண்டாய் நின்றது. இன்னொரு பக்கத்துக்கும் அதே. டப் மிதியை மிதிக்க, அவள் பிரேக் குழாயிலிருந்து காற்றெடுத்தாள். மிதி கல்லாய் இறுகியது.

வண்டியை முற்றத்துக்கு இறக்கினார்கள். வெர்னா ஏறி உட்கார்ந்தாள். மூன்று பேரும் பின்னால் தள்ளி ஓடிவர, வேகம் பிடித்ததும் மிதித்தாள். வண்டி நட்டுவைத்ததுபோல் அங்கேயே நின்றது. ஹாய்ட்டின் தாடை டிக்கியில் மோதியது. கிளீவ் அவன் முதுகில் ஏறினான்.

“நின்னுடுச்சு!” டப் துள்ளினான். “அடி ஆத்தி, நின்னுடுச்சு!”

வெர்னா இறங்கி ஷெட்டுக்குள் போய்ச் சுவரைக் காட்டினாள். வெள்ளைப் பெயிண்டில் சங்கத்தின் ஒரே சட்டம்: பிரேக்கைத் தொட்டவருக்கே முதல் ஓட்டம். எவனோ அரைகுறையாய்ப் பூட்டிக்கொடுத்த பிரேக்கால் கிளீவ் தர்ப்பூசணிக் கடைக்குள் புகுந்த வருடம் எழுதியது.

“அது சங்கத்து ஆளுங்களுக்கு” என்றான் ஹாய்ட், தாடையைத் தடவிக்கொண்டு. “வேணும்னா கதவுல உன் பேரை எழுதிக்கலாம். சின்னதா. இல்ல, கை தூக்கிப் பாத்துடலாமா? வேண்டாங்கறவங்க தூக்குங்க.”

அவன் கை உயர்ந்தது. கிளீவின் கை, அவளைப் பார்க்காமல், பாதி உயர்ந்தது.

மூன்றாவது கைக்காக அவள் காத்திருக்கவில்லை. ஆணியில் தொங்கிய பந்தயத் தோல் தொப்பியை எடுத்தாள். ஏரிக்கு மூன்று மணி நேரம். இப்போதே போய் ராத்திரி அங்கே கிடந்தால் விடியும்போது வரிசையில் முதல் வண்டி.

“எங்க போற?” ஹாய்ட் கத்தினான்.

தொப்பியின் வாரை மாட்டிக்கொண்டே அவள் வாசலைத் தாண்டி, முற்றத்தில் நின்ற வண்டியில் ஏறினாள். பின்னால் டப்பின் குரல் வந்தது.

“வெர்னா! ரெண்டாவது கியர் முரண்டு புடிக்கும், பாத்துப் போடு!”