சோப்புப் போட்ட பஞ்சு

தொட்டித் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் பட்டறைக்குப் பூட்டு என்று சொல்லிப்போன மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி மதியம் திரும்பி வருவார். வண்டி கழுவும் தொட்டியிலோ கறுப்பு எண்ணெய் ஏடு கட்டி நின்றது. தலையணை தைக்கும் அண்ணி ஒரு கூடை இலவம்பஞ்சைக் கொண்டுவந்து கொட்டினாள். பஞ்சு தண்ணீரைக் குடித்து மூழ்கியே போனது.

"தொட்டிக்கு மெத்தை போட்டாச்சு, இனிமே படுத்துத் தூங்க வேண்டியதுதான்!" என்றான் மெக்கானிக் கொழுந்தன்.

"சிரிக்காதீங்க தம்பி. இது எண்ணெயைத்தான் குடிக்கும், தண்ணிய தொடவே தொடாது. அழுக்கா இருக்கேன்னு சோப்புப் போட்டு வேற அலசி..."

சொல்லும்போதே அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஞ்சின் மேலுள்ள மெழுகுதான் தண்ணீரை அண்டவிடாது. அதைத்தான் தேய்த்துக் கழுவியிருக்கிறாள்!

வீட்டுக்கு ஓடி, காயிலிருந்து உரித்த பஞ்சை விதையோடு அள்ளிவந்து போட்டாள். இந்த முறை அது மிதந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. அது நகர்ந்த இடமெல்லாம் தண்ணீர் தெளிந்தது.

"அண்ணி! பிழிஞ்சா அத்தனை எண்ணெயும் திரும்ப வருது அண்ணி!" கறுத்த பஞ்சை ஒரு வாளிக்குள் பிழிந்த கொழுந்தன் துள்ளினான்.

வாசலில் அதிகாரியின் வண்டி வந்து நின்றது.

"வாங்க சார், கையை விட்டே பாருங்க!" என்று அண்ணிதான் முந்திக்கொண்டாள்.

அவர் விட்டு எடுத்தார். விரல்களிலிருந்து வெறும் தண்ணீர் சொட்டியது.